பாய்மரக் கப்பலில் பிறந்த பேச்சு

'அவன் தேர்டு ரேட் ஆள்' என்று ஒருவரை மட்டம் தட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மூன்றாம் தரம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் முதுகெலும்பு.

பீரங்கிகளின் எண்ணிக்கையை வைத்துப் போர்க்கப்பல்களை ஆறு தரமாகப் பிரித்திருந்தார்கள். நூறும் அதற்கு மேலும் இருந்தால் ஃபர்ஸ்ட் ரேட். போர்ட்ஸ்மத்தில் இன்றும் நிற்கும் 'விக்டரி' அந்த வகை. அதற்கு 800 பேருக்கு மேல் ஆள் வேண்டும். பெரும்பாலும் 74 பீரங்கிகள் தாங்கிய மூன்றாம் தரக் கப்பலுக்குச் செலவு குறைவு, வேகம் அதிகம். 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் நிறுத்திய 27 பெரும் போர்க்கப்பல்களில் 20 மூன்றாம் தரம்தான்! அப்படிப்பட்ட பெயர் வசவாகிப் போனது எனக்கு வருத்தம்தான்.

திகைத்துப் போனதை ஆங்கிலத்தில் 'டேக்கன் அபேக்' என்பார்கள். இதுவும் கடல் தந்தது. பின்னாலிருந்து காற்று வீச, பாய்கள் முன்பக்கமாகப் புடைத்து நிற்கின்றன. திடீரென்று காற்று திசை மாறுகிறது, அல்லது சுக்கான் பிடிப்பவர் ஒரு கணம் அசந்துவிடுகிறார். காற்று பாயின் முகத்தில் அறைகிறது. பாய் மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓடிய கப்பல் நின்று, பின்னோக்கி நகரவும் தொடங்குகிறது. காற்று கடுமையாக இருந்தால் மரமே முறியும். அந்த அதிர்ச்சி முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

எல்லாவற்றையும் கடலோடு முடிச்சுப் போடும் கதைகளும் உலவுகின்றன. வயிறார உண்பதைச் சொல்லும் 'ஸ்கொயர் மீல்' மாலுமிகளின் சதுரத் தட்டிலிருந்து வந்தது என்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை, நம்பாதீர்கள்.

'ஸ்லஷ் ஃபண்ட்' அப்படியல்ல. உப்பிட்ட இறைச்சியை வேகவைத்தால் அண்டாவில் கொழுப்பு மிதக்கும். அதற்கு ஸ்லஷ் என்று பெயர். சமையல்காரர் அதை வழித்தெடுப்பார். கொஞ்சம் பாய்மரத்தில் தடவப் போகும்; மிச்சம் கரையில் மெழுகுவத்தி செய்பவர்களிடம் விலைபோகும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கடற்படையில் அந்தக் காசைச் சேர்த்து மாலுமிகளுக்குப் புத்தகம் வாங்கியதும் உண்டு. அதே நூற்றாண்டு முடிவதற்குள், அரசியல்வாதிகள் கணக்கில் காட்டாமல் கைமாற்றும் பணத்துக்கு அந்தப் பெயர் போய்விட்டது. உப்புக்கறி தின்று உழைத்தவர்களின் புத்தகக் காசு அது. லஞ்சத்துக்கு அந்தப் பெயர் தகாது.