நாலரை அடிப் பலகையில் வாழைச்சேனை

(நூற்றாண்டையொட்டி மாங்கேணியில் நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் எமது வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



மாங்கேணிக்குக் கோச்சி வந்ததில்லை. பஸ்ஸில் வாழைச்சேனைக்குப் போய்த்தான் ஏறவேண்டும். யுத்த காலத்தில் அங்கும் பல ஆண்டுகள் கோச்சி இல்லை. தண்டவாளத்தை மட்டும் பார்த்துப் படிப்பை முடித்தவர்கள் எங்கள் வகுப்பில் பலர். அதனால்தான் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு மாதிரிக் கோச்சி செய்ய எங்களுக்கு அவ்வளவு ஆசை.

முதலில் ஒரு வட்டம் போட்டோம். பிள்ளைகள் மூன்று சுற்றுப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் நின்று, "நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். ஆளியைப் போட்ட பிறகு செய்ய ஒன்றுமேயில்லை. வெளிநாட்டுத் தோழியர் அனுப்பிய காசு வீணாகிவிட்டதே என்று அன்றிரவு நாங்கள் தூங்கவில்லை.

பிறகுதான் அலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த 'இங்கிள்நுக்' அமைப்பைப் படித்தோம். மூன்று கிளைப்பாதைகள். ஒன்றில் ஐந்து பெட்டி, மற்ற இரண்டிலும் மும்மூன்று பெட்டி நிற்கலாம். இஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் இஞ்சினோடு மூன்று பெட்டிக்குத்தான் இடம். பாதை மாற்றிகள் இரண்டே. எட்டுப் பெட்டிகளுக்கும் எட்டுச் சீட்டுகள். குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த வரிசையிலேயே பெட்டிகளைக் கோக்கவேண்டும். இப்படி 6,720 வரிசைகள் வரும்! இடம் குறைவாக இருப்பதுதான் விளையாட்டு. பாதையை நீட்டினால் சுவை போய்விடும்.

நாலரை அடி நீளம், ஓரடி அகலமான பலகையில் அதை வாழைச்சேனை ஆக்கினோம். உண்மையான நிலையத்தின் வரைபடம் இதுவல்ல. ஒரு கிளை கடதாசி ஆலைக்கு, வைக்கோல் பெட்டிகள் அங்கே. மற்றது நெல்லுக்கு. மன்னம்பிட்டிப் பாலமும் வேண்டும் என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். 2007 வரை வாகனமும் கோச்சியும் ஒரே பாலத்தில் போன அழகை யார் மறப்பார்? ஆனால் பாலம் வைத்தால் பெட்டி நகர்த்த இடமில்லை. விட்டுவிட்டோம், அவள் இன்னும் கோபம். எங்கள் நாட்டுப் பாதை ஐந்தரை அடி அகலம். 1:76 அளவில் 22 மில்லிமீற்றர் வரவேண்டும். கடையில் வாங்கியது 16.5. அதைக் கண்டுகொள்ளவில்லை.

தனிப்பாதையில் சாரதி 'டப்லட்' வாங்காமல் நகரமுடியாது அல்லவா? நாங்கள் ஒரு மரவட்டு செய்தோம். ஒரு பிள்ளை நிலைய அதிபர், மற்றவள் சாரதி. வட்டு கைமாறினால்தான் கோச்சி அசையும். அதிபராக இருக்கத்தான் எல்லோருக்கும் போட்டி. (எங்கள் அதிபர் அவர்கள் மன்னிக்கவேண்டும்!)

இப்போது பலகை விஞ்ஞான அறையில் இருக்கிறது. கடற்காற்றில் தண்டவாளம் கறுக்கிறது. ஓட்டுமுன் துணியால் துடைக்கவேண்டும். பெட்டிகளை மெதுவாகத் தள்ளும்போது இஞ்சின் நடுவில் நின்றுவிடுகிறது, பிள்ளைகள் விரலால் தட்டுகிறார்கள். அடுத்த விடுமுறைக்கு வரும் தோழியர் யாராவது, மெதுவாக ஓடக்கூடிய சிறிய இஞ்சின் ஒன்று கொண்டுவந்தால் நல்லது. வேகமானது வேண்டாம்.