மின்னஞ்சலில் வரும் வேலை உத்தரவு

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மோசடி மின்னஞ்சல்களைப் பற்றிப் பேசச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ரிசர்வ் வங்கி கவர்னர் பெயரில் கோடிக்கணக்கில் பரிசு என்று வரும் மடல்கள் உங்களுக்கே தெரியும். ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்குச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அத்தோடு அந்தக் கதை முடிந்தது. நம் ஊருக்கு அவசியமானது வேறொன்று.

சுற்றிலும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நம் பிளாக்குகளிலும் இருக்கிறார்கள். பெரிய கார் கம்பெனியின் முத்திரையோடு அந்தப் பிள்ளைக்கு ஒரு மடல் வந்தால் வீடே நம்பத்தான் செய்யும். நேர்முகத் தேர்வு தேதி, சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பத்தியில், 'திருப்பித் தரப்படும் டெபாசிட்' என்று சில ஆயிரம் ரூபாய். மாருதி சுசுகி பெயரில் இப்படிப்பட்ட கடிதங்கள் நாடெங்கும் சுற்றின. வேலைக்காக நாங்கள் பணம் வாங்குவதில்லை என்று அந்த நிறுவனமே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

வங்கியில் காசோலை வந்தால் அச்சடித்த பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்க மாட்டோம். மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவோம். மின்னஞ்சலுக்கு மாதிரிக் கையெழுத்து போன்றது, முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது. முன்னால் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பின்பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ஜிமெயில் என்று முடிந்தால் எந்தக் கார் கம்பெனியும் அல்ல. கம்பெனி பெயரோடு 'கேரியர்ஸ்', 'ஹெச்.ஆர்' என்று ஒட்டுப்போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். அதில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து விசாரிப்பதில் பயனில்லை. எடுப்பவனும் அதே ஆள்தான். கம்பெனியின் சொந்த இணையதளத்துக்கு நீங்களாகப் போய்ப் பாருங்கள். வங்கிகளுக்கு இப்போது இது சுலபம். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி அவற்றின் தளங்கள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும். 2025 அக்டோபர் 31 வரை அதற்குக் கெடு கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது, பணம் கட்டச் சொல்லும் கணக்கு. பெரும்பாலும் யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்காக இருக்கும். கம்பெனி பெயரைத்தானே எழுதினோம் என்று பலர் நினைக்கிறார்கள். நெஃப்ட்டில் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைக்கப்படும், பெயரை வைத்து அல்ல. பெயரைச் சரிபார்க்கும் வசதி 2025-இல்தான் வந்தது. அனுப்புமுன் திரையில் காட்டும் பெயரைப் படிக்காமல் மேலே போகாதீர்கள்.

அந்தத் தனிநபரும் நம் பக்கத்துப் பையனாக இருக்கலாம். 'உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்தால் கணக்கு முடங்கும், போலீஸ் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் இன்னொரு கணக்கில் தங்கியிருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு; மணிக்கணக்கில் தாமதித்தால் அது பல கைகள் மாறிவிடும். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் நட்டம். தெரிவித்த பிறகு போனது வங்கியின் நட்டம். ஆனால் நாமே டெபாசிட் என்று அனுப்பிய பணத்துக்கு அந்த விதி துணைக்கு வராது.

வெறும் விளம்பர மடல்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்த கடை என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தலாம். தெரியாதவர் என்றால் அதையும் தொடாமல் ஸ்பேம் என்று ஒதுக்குங்கள். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொன்னதாகிவிடும்.

கடைசியாக, 'சங்கத்தின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பராமரிப்புக் கட்டணத்தைப் புது எண்ணுக்கு அனுப்பவும்' என்று மடல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். கணக்கு மாறினால் செயலாளர், பொருளாளர் இருவர் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி நிர்வாகக் குழுவைக் கேட்டிருக்கிறேன். சந்தேகமான மடல் ஏதும் வந்திருந்தால் போனோடு வாருங்கள். ஞாயிறு காலை 10 மணிக்குமேல் சங்க அறையில் இருப்பேன்.