இரவில் தானாக அணைந்து எழும்பும் கணனி: பேயும் இல்லை, பிள்ளையும் இல்லை

(கினிகத்தேனையில் தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

2020இல் கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடியபோதுதான் நம் லயங்களில் பலர் கணனி வாங்க நினைத்தார்கள். சீட்டு எடுத்தும், நகையை அடகு வைத்தும் பழைய கணனி வாங்கியவர்கள் உண்டு. இப்போது நம்மிடம் அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான்: "ஐயா, ராத்திரி படுக்கும்போது நல்லா ஓடிக்கிட்டு இருந்திச்சு. விடிய எழும்பிப் பார்த்தா எல்லாம் மூடிப்போய் பாஸ்வேர்ட் கேட்டுக்கிட்டு நிக்குது. புள்ள எழுதுன பாடமும் காணோம்."

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை. "நீதான் ராத்திரி எழும்பி கேம் விளையாடியிருப்ப" என்று அப்பா பிள்ளையை ஏசுவார். யாரோ கண் வைத்துவிட்டதாகப் பாட்டி சொல்வார். கடைசியில் கணனியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டு போவார்கள். காரணத்தைப் பார்க்காமல் 'போர்மட்' அடித்துக் கொடுத்தால் காசும் போகும், கல்யாணப் படமும் போகும். அடுத்த கிழமை கணனி மறுபடியும் அதையே செய்யும். ஆகவே செலவு செய்ய முன்னர் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பதற்கு நமக்குச் செக்ரோல் இருக்கிறது அல்லவா? விண்டோஸ் கணனிக்குள்ளும் அப்படியொரு செக்ரோல் உண்டு. அதற்குப் பெயர் 'ஈவென்ட் வியூவர்'. ஸ்டார்ட் பட்டனில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் அந்தப் பெயர் பட்டியலில் வரும். அதைத் திறந்து 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்' என்று போங்கள். இரவு நடந்தவை நேரத்தோடு வரிசையாக இருக்கும். மூன்று இலக்கங்களை மட்டும் தேடினால் போதும்: 1074, 41, 6008.

1074 இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் முறையாகக் கட்டளை கொடுத்து கணனியை நிறுத்தியிருக்கிறது. எது கொடுத்தது என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் அது விண்டோஸ் அப்டேட்தான். மலிவான இராத்திரி டேட்டாவில் பாட வீடியோ இறக்குவதற்காகக் கணனியை விடிய விடிய ஓட விடுகிறோம். அப்டேட்டும் அதே நேரத்தில் இறங்கி, ஆள் இல்லாத நேரம் பார்த்து ரீஸ்டார்ட் செய்கிறது. முழுவதும் அணைக்காமல் 'ஸ்லீப்'பில் போட்ட கணனிகூட இதற்காக எழும்பலாம்.

இதற்கு வழி: செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', அதில் 'ஆக்டிவ் அவர்ஸ்'. நாம் வேலை செய்யும் நேரத்தை அங்கே குறித்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணித்தியாலம் வரை குறிக்கலாம். பரீட்சைக் காலமென்றால் சில நாட்களுக்கு அப்டேட்டை நிறுத்தி வைக்கவும் வசதி உண்டு. ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். 2017 மே மாதத்தில் 'வன்னாகிரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கியது. அதைத் தடுக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பழைய கணனி வாங்குவோர் இன்னொன்றையும் கவனியுங்கள்: விண்டோஸ் 10க்கான வழமையான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

1074 இல்லாமல் 41, 6008 மட்டும் இருந்தால், கணனி முறையாக நிறுத்தப்படவில்லை, திடீரென்று விழுந்திருக்கிறது. 6008 என்ற குறிப்பில் எத்தனை மணிக்கு விழுந்தது என்றும் இருக்கும். அந்த நேரத்தைக் கொப்பியில் எழுதி, அடுத்த காம்பராவில் கேளுங்கள்: "அந்த நேரம் கரண்ட் போச்சா?"

லக்ஷபானவில் 1950 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அது நமக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் நம் லயத்துக்குக் கம்பி வருவது மரங்களுக்கு நடுவே. காற்றில் கிளை உரசினாலும் கரண்ட் ஒரு துடிப்புத் துடிக்கும். சாதாரணக் கணனியின் பவர் சப்ளை தாங்குவது ஒரு விநாடியில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. பல்பு சிமிட்டியது நம் தூக்கத்தில் தெரியாது. கணனி விழுந்து எழும்பிவிடும். பெட்டரி செத்த லெப்டொப்பும் இப்படித்தான். இதற்கு மருந்து சிறியதொரு யூ.பி.எஸ். அது விடியும்வரை ஓட்டாது; துடிப்பைத் தாங்கி, சில நிமிடம் அவகாசம் கொடுக்கும். வாங்க வசதியில்லையென்றால், படுக்க முன்னர் கணனியை முறையாக அணைத்துவிடுவதே செலவில்லாத வைத்தியம்.

கரண்டும் போகவில்லை, ஆனால் விழுகிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். அடுப்புப் புகையும் தூசியும் உள்ளே காற்றாடியில் அப்பிக்கொள்ளும். தூசி படாமலிருக்க ஓடும் கணனிக்கு மேல் துணி போர்த்துகிறோம். காற்றுப் போகும் வழி அடைபட்டு அது இன்னும் சூடாகும். பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து மெல்லிய தூரிகையால் துடையுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். துடைத்த பின்னும் விழுந்தால்தான் கடை. அப்போதும் கொப்பியில் எழுதிய நேரத்தையும் இலக்கத்தையும் காட்டி, "போர்மட் அடிக்க வேணாம், மெமரியையும் பவர் சப்ளையையும் பாருங்க" என்று கேளுங்கள்.

கணனியை விடப் பெரிய விஷயம் உயிர். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் கடுமை. இடி கேட்கத் தொடங்கும்போதே பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் வந்த பிறகு தொடாதீர்கள். கணனியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? ஏர்த் சரியில்லை என்று அர்த்தம். அந்த பிளக் பேஸை அன்றோடு நிறுத்தி, தகுதியுள்ள எலெக்ட்ரீசியனுக்குக் காட்டுங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கட்டி வைப்பது, எமனுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

பிள்ளைகளே, எழுதும்போது பத்து நிமிடத்துக்கொரு தடவை 'சேவ்' பண்ணுங்கள். படுக்க முன்னர் பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள்.

பெற்றோரே, அடுத்த முறை விடிய எழும்பி அப்படிக் கண்டால் பிள்ளையை ஏச வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேருமாகச் செக்ரோலைத் திறந்து பாருங்கள். இங்கிலீஷ் வாசிக்கக் கஷ்டமென்றால் அந்த இலக்கங்களை எழுதிக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.