மறுபிறப்பு முந்தியதா, விசுவாசம் முந்தியதா?

(யூபிலி விழாவையொட்டி நடந்த பங்குக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கலங்கிய முகத்தோடு என்னிடம் வந்தார். உடன் படிக்கும் நண்பர் ஒருவர் அவரிடம், "நீ கைக்குழந்தையாய் இருந்தபோது உன் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போது உனக்கு விசுவாசம் இருந்ததா? விசுவாசம் இல்லாதவனுக்கு மறுபிறப்பு ஏது? மறுபடியும் தண்ணீரில் இறங்கு" என்று சொல்லியிருக்கிறார். "ஐயா, நான் உண்மையிலேயே மறுபடி பிறந்தவன்தானா?" என்று அந்தத் தம்பி கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மறுபிறப்பு என்ற சொல்லை நமக்குத் தந்தவர் ஆண்டவர் இயேசுவே. இரவில் தம்மைத் தேடி வந்த நிக்கதேமிடம், தண்ணீராலும் ஆவியாலும் பிறவாதவன் இறையாட்சிக்கு உட்பட முடியாது என்று அவர் சொன்னதை யோவான் நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்படியானால் எது முதலில்? கால்வினைப் பின்பற்றிய சபைகளில் பலர், பாவத்தில் இறந்து கிடப்பவன் விசுவசிக்க முடியாது, ஆகவே தேவன் முதலில் மறுபிறப்பைத் தருகிறார், பிறகே விசுவாசம் என்பார்கள். வேறு சில சபையார், முதலில் விசுவாசம், அதன் பலனே மறுபிறப்பு என்பார்கள். நமது தாய்த் திருச்சபை என்ன சொல்கிறது? அதை அறிய, நம் தமிழகத்தின் தென்கோடியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

முதல் நிகழ்ச்சி முத்துக்குளித்துறையில் நடந்தது. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய சண்டையில் உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து வந்தபோது போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி அவர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள். போதித்து வளர்க்கக் குருக்கள் இல்லை. 1542ல் புனித சவேரியார் அங்கு வந்து சேர்ந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கவில்லை. அவர் என்ன செய்தார்? இவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்றாரா? இல்லை. விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் தமிழாக்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, மணியடித்துக்கொண்டு ஊர் ஊராய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அன்ரிக்கே அடிகளார் 1578ல் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற உபதேச நூலையே அச்சிட்டார். பலன்? 1658ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்துக் கத்தோலிக்க வேதத்தை விட்டுவிடும்படி நெருக்கியபோது, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அசையவில்லை! தண்ணீர் முந்தியது, போதனை பிந்தியது, ஆனாலும் வேர் ஆழமாய் இறங்கிவிட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி புனித தேவசகாயம் பிள்ளையின் வரலாறு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசின் பணியாளர். ஆடுமாடும் பயிரும் அழிந்து மனம் உடைந்திருந்தபோது, குளச்சல் போருக்குப் பின் அரசரின் படைத்தலைவரான டிலனாய் என்னும் கத்தோலிக்கர் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அந்தக் கதை அவர் உள்ளத்தைத் தொட்டது. கேட்டார், கற்றார், விசுவசித்தார். 1745 மே 14ந் தேதி வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் என்ற சேசுசபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமாகிய தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14ல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இங்கே விசுவாசம் முந்தியது, தண்ணீர் பிந்தியது.

அன்பர்களே, இவ்விரண்டில் எது சரியான முறை? வளர்ந்தவர்களுக்குத் தேவசகாயம் சென்ற வழியே திருச்சபையின் ஒழுங்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஞானஸ்நான ஆயத்தக் காலத்தை மீண்டும் ஏற்படுத்தியதும் இதற்காகத்தான். ஆனால் கொஞ்சம் ஆழமாய்ப் பாருங்கள். டிலனாயை அந்த அரண்மனைக்குக் கொண்டுவந்தது யார்? யோபுவின் கதையை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். அது நீலகண்டனின் நெஞ்சில் தைத்தது எப்படி? அப்போஸ்தலர் பணியில் லீதியா என்ற பெண் வருகிறாள். நம் சின்னாளப்பட்டி வியாபாரிகளைப் போல அவளும் துணி விற்றவள்தான். சின்னப்பர் பேசியதைக் கவனிக்கும்படி ஆண்டவரே அவள் இருதயத்தைத் திறந்தார் என்று வேதம் சொல்கிறது. விசுவாசத்துக்கும் முன்னே ஒன்று இருக்கிறது. அதுதான் இறைவனின் அருள்.

இதைத்தான் புனித அகுஸ்தீனார் பெலாஜியுசுக்கு எதிராக வாதாடி நிலைநாட்டினார். 529ல் ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும் அதற்கான ஆசையும்கூட அருளின் கொடையே என்று அறிக்கையிட்டது. 1547ல் திரெந்து சங்கம் இரு பக்கத்தையும் சேர்த்துச் சொன்னது. முன்வரும் அருள் மனிதனை எழுப்புகிறது. மனிதன் சுதந்திரமாய் அதற்கு இணங்க வேண்டும், மறுக்கவும் அவனால் முடியும். விசுவாசம் மீட்பின் தொடக்கமும் வேருமாக இருக்கிறது. ஞானஸ்நானத்தில் அவன் மறுபடி பிறக்கிறான்.

பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இது எளிதில் விளங்கும். எந்தப் பூட்டும் தன்னைத்தானே திறந்துகொள்வதில்லை. சாவி வெளியிலிருந்து வரவேண்டும். ஆனால் வீட்டுக்காரன் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டால், சாவி திரும்பினாலும் கதவு திறக்காது. சாவி இறைவனுடையது, தாழ்ப்பாள் நம்முடையது. அந்தத் தாழ்ப்பாளை நீக்கத் தூண்டுபவரும் அவரே.

அப்படியானால் கைக்குழந்தைக்கு? எந்தக் குழந்தையாவது தன் பிறப்பைத் தானே தேடிக்கொண்டதா? பெற்றவளை "அம்மா" என்று அறிந்த பிறகா அது பிறக்கிறது? பிறந்து, பால் குடித்து, மடியில் கிடந்து, பிறகே அவளை அறிகிறது. நால்வர் சுமந்து வந்த திமிர்வாதக்காரனை ஆண்டவர் குணமாக்கியபோது, சுமந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். குழந்தையைச் சுமந்து வருவது திருச்சபையின் விசுவாசம், பெற்றோரின் விசுவாசம், ஞானத்தாய் தந்தையரின் விசுவாசம்.

இங்கே ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். ஞானஸ்நானம் பெறுமுன்னே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். ஒரு தாய் நாற்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் அழுததை நான் அறிவேன். அம்மா, கேளுங்கள். லிம்போ என்று பழைய உபதேசத்தில் சொன்னது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் வரையறுக்கப்படவில்லை. அத்தகைய குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்குத் தகுந்த ஆதாரம் உண்டு என்று அனைத்துலக இறையியல் குழு 2007ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இறைவன் மீட்பை ஞானஸ்நானத்தோடு இணைத்தார். ஆனால் தம் கையை அதனால் கட்டிக்கொள்ளவில்லை. முன்வரும் அருள் உங்கள் பிள்ளைக்கும் முன்வந்திருக்கும் என்று நம்பி மன்றாடுங்கள்.

இறுதியாக ஒன்று. திருச்சி மறைமாவட்டத்தில் இருந்த காலத்திலும், 2003ல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமான பின்பும், நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. யூபிலியில் அவற்றை எண்ணி மகிழ்கிறோம். நல்லது! ஆனால் பெற்றுப் போட்டுவிட்டு வளர்க்காமல் விட்டால் அது என்ன தாய்மை? அன்று முத்துக்குளித்துறைக்குச் சவேரியார் மணியோடு வந்தார். இன்று நம் வீட்டில் அந்த மணியை யார் அடிப்பது? ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளையை அனுப்பாமல் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறோமே, வீட்டில் குடும்ப செபம் நின்று போயிற்றே! நம் பிள்ளைகள் கல்லூரியில் கலங்கி நிற்பதற்குக் காரணம் அந்த நண்பர் மட்டும்தானா?

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: "நீ மறுபடி பிறந்தவன்தான். பிறப்பு ஒரே முறை. மற்றொரு முறை தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. பிற சபையில் முறைப்படி ஞானஸ்நானம் பெற்று நம்மிடம் வருபவருக்கும் நாம் மறுபடி கொடுப்பதில்லை. ஆனால் உன் நண்பர் கேட்ட கேள்வியில் உனக்கு ஒரு நன்மை இருக்கிறது. உனக்காக உன் பெற்றோர் சொன்ன 'விசுவசிக்கிறேன்' என்ற வார்த்தையை இனி நீயே உன் வாயால் சொல்ல வேண்டிய வயது வந்துவிட்டது."

பாஸ்கா இரவில் கையில் எரியும் திரியோடு அவர் அதைச் சொன்னார். யூபிலித் திருப்பலியில் நாமும் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கப் போகிறோம். "விசுவசிக்கிறேன்" என்று சொல்லும்போது, நாம் கேட்பதற்கு முன்னே நம்மைத் தேடி வந்தவரை நினைத்துச் சொல்வோம். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.