பங்காளிகளும் பணியாளரும்



நம் மொழியில் 'பங்காளி' என்றொரு சொல் உண்டு. தந்தை வழியில் வந்த அண்ணன் தம்பி மக்களை அது குறிக்கும். பங்கு உடையவன் பங்காளி. அந்தப் பங்கை முன்னிட்டுப் பகை கொள்பவனும் அவனே. இதனை நன்கறிந்த நம் முன்னோர் 'பங்காளிக் காய்ச்சல்' என்று அதற்கு ஒரு நோயின் பெயரையே சூட்டிவிட்டனர். அக்காய்ச்சல் நம் நாட்டு வயல் வரப்புகளில் மட்டும் காண்பதன்று. கடல் கடந்த அமெரிக்காவில், செல்வம் மிக்க ஒரு வணிகக் குடும்பத்தை அது மூன்று தலைமுறையாக வாட்டிய வரலாற்றையும், அதனிடையே அக்குடும்பத்தின் கடைகளில் வேலை பார்த்த எளிய மக்கள் செய்த ஓர் அரிய செயலையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரான பாஸ்டனுக்கு வடமேற்கே மெரிமாக் ஆற்றங்கரையில் அமைந்தது லோவெல் நகரம். பஞ்சாலைகளால் எழுந்த ஊர் அது. அவ்வாலைகளில் பணியாற்றிய இளம்பெண்கள் 1834ஆம் ஆண்டிலும் 1836ஆம் ஆண்டிலும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் கிளர்ச்சி அம்மண்ணுக்குப் புதியதன்று. பின்னாளில் கிரேக்க நாட்டிலிருந்து பலர் அவ்வூரில் குடியேறினர். அவர்களுள் ஒருவரான அத்தனாசியஸ் டெமூலாஸ் தம் மனைவியோடு 1917ஆம் ஆண்டில் ஒரு சிறு மளிகைக் கடையைத் தொடங்கினார். ஆட்டிறைச்சிக்கு அக்கடை பெயர் பெற்றிருந்தது.

1954ஆம் ஆண்டில் அவருடைய மைந்தர்களான ஜார்ஜும் டெலிமாக்கஸும் பெற்றோரிடமிருந்து அக்கடையை 15,000 டாலருக்கு வாங்கினர். பெற்ற பிள்ளைகள் விலை கொடுத்து வாங்குவதா என்று நீங்கள் வியக்கலாம். அந்நாட்டில் அப்படியும் நடப்பதுண்டு. இருவரும் ஒருமனத்தோடு உழைத்தனர். பதினைந்தே ஆண்டுகளில் ஒரு கடை பதினான்கு கடைகளாயிற்று. இருவருள் ஒருவர் மறைந்தால் மற்றவர் அவர் குடும்பத்தைக் காக்க வேண்டும் என்றும் தம்முள் உறுதி செய்துகொண்டனர். 1971ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டுக்குச் சென்றிருந்தபோது ஜார்ஜ் மாரடைப்பால் காலமானார். மனைவியும் நான்கு மக்களும் டெலிமாக்கஸின் பொறுப்பில் விடப்பட்டனர்.

அவர் அவர்களைக் காத்தாரா? சரிபாதியாக இருக்க வேண்டிய ஜார்ஜ் குடும்பத்தின் பங்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல, ஏறத்தாழ 8 விழுக்காடாகத் தேய்ந்துபோயிற்று. 1990ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். டெலிமாக்கஸ் தம் உடன்பிறந்தாரின் மனைவி மக்களை வஞ்சித்தே பங்குகளையும் வாணிகத்தையும் தம் குடும்பத்தின்பால் திருப்பிக்கொண்டார் என்று 1994ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. பன்னெடுங்காலம் நடந்த அவ்வழக்கின் முடிவில் நிறுவனத்தின் 50.5 விழுக்காட்டுப் பங்கு ஜார்ஜின் மரபினருக்குக் கிடைத்தது. 20 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையும் கிடைத்தது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னே நான் சொல்லப் போகும் கதையில் டெலிமாக்கஸின் மகன் மக்களால் மிகவும் போற்றப்படுகிறார். அவர் ஏறி நின்ற மேடையின் அடியில் இந்தப் பழைய அநீதி கிடந்தது என்பதை மறந்துவிட்டு அக்கதையைச் சொல்வது நேர்மையாகாது.

இரு கிளைகளிலும் ஒரு மகனுக்குப் பாட்டனார் பெயரே இடப்பட்டது. அத்தனாசியஸ் என்னும் கிரேக்கப் பெயரை அமெரிக்காவில் ஆர்தர் என்று வழங்குவதுண்டு. ஆகவே ஜார்ஜின் மகனும் ஆர்தர். டெலிமாக்கஸின் மகனும் ஆர்தர். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று என்று அறிந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றாது. முன்னவரை ஆர்தர் எஸ். என்றும், பின்னவரை ஆர்தர் டி. என்றும் ஊரார் பிரித்தறிந்தனர். பாட்டனின் பெயரைத் தாங்கிய இருவருமே பாட்டனின் கடைக்காக எதிரெதிரே நின்றனர்.

2008ஆம் ஆண்டில் ஆர்தர் டி. நிறுவனத்தின் தலைவரானார். அவர் கிளைக்குப் பெரும்பான்மை இல்லை. எனினும் எதிர்க்கிளையைச் சேர்ந்த ஓர் அம்மையாரின் ஆதரவால் அது கைகூடிற்று. 'மார்க்கெட் பாஸ்கெட்' என்னும் பெயரில் நடந்த அக்கடைகளில் விலை குறைவு. பணியாளருக்கோ ஊதியத்தோடு, இலாபத்தில் ஒரு பகுதியும் அவர்களது முதுமைக்காலச் சேமநிதியில் சேர்க்கப்பட்டது. 2008இல் உலகெங்கும் நேர்ந்த நிதி நெருக்கடியில் அச்சேமநிதி 4 கோடியே 60 இலட்சம் டாலரை இழந்தபோது, அவ்விழப்பை நிறுவனமே ஈடு செய்யுமாறு ஆர்தர் டி. செய்தார். பொருள்களைப் பையில் இட்டுக்கொடுக்கும் சிறுவனாகச் சேர்ந்தவன் ஒரு கடைக்கே மேலாளனாக உயர்வது அங்கே அருமையன்று. தலைவரோ பணியாளர்களைப் பெயர் சொல்லி அழைப்பார். அவர்கள் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்வார்.

மற்றக் கிளையினரின் நோக்கு வேறு. பங்குடையோருக்கு இன்னும் மிகுதியான வருவாய் வர வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தில் குற்றம் ஏதும் இல்லை. சட்டப்படி சொத்து அவர்களுடையது. 2013ஆம் ஆண்டில், முன்னர் ஆர்தர் டி.யை ஆதரித்த அம்மையார் அணி மாறினார். அவ்வாண்டே 30 கோடி டாலரைப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்க நிர்வாகக் குழு முடிவு செய்தது. 2014ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ஆர்தர் டி. பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வெளியிலிருந்து இருவர் தலைமை அலுவலர்களாக அமர்த்தப்பட்டனர்.

அப்பொழுது நிறுவனத்திற்கு மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் ஆகிய மூன்று மாநிலங்களில் 71 கடைகள். பணியாளர் ஏறத்தாழ 25,000 பேர். அவர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. ஊதியத்தை உயர்த்துக என்றோ, வேலை நேரத்தைக் குறைக்க என்றோ அவர்கள் கேட்கவில்லை. 'எங்கள் தலைவரைத் திரும்பக் கொடுங்கள்' என்பதே அவர்களின் ஒற்றைக் கோரிக்கை. உலகத் தொழிலாளர் வரலாற்றில் முதலாளி ஒருவரை வெளியேற்றப் போராடியவர்கள் பலர். முதலாளி ஒருவரை மீட்கப் போராடியவர்கள் மிகச் சிலரே.

ஜூலை மாதம் நடுவில் கிளர்ச்சி வெடித்தது. டியூக்ஸ்பரி என்னும் ஊரில் உள்ள தலைமை அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதற்குத் தலைமை தாங்கிய அலுவலர்கள் எட்டுப் பேரை நிறுவனம் உடனே வேலையினின்றும் நீக்கியது. அந்நாட்டுச் சட்டத்தின் ஒரு நுட்பத்தை இங்கே நீங்கள் அறிதல் வேண்டும். 1935ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம், பணியாளர் ஒன்றுகூடித் தம் குறைகளுக்காகக் குரல் கொடுப்பதைக் காக்கிறது. ஆனால் மேற்பார்வையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் அப்பாதுகாப்பு இல்லை. 1947ஆம் ஆண்டின் திருத்தம் மேற்பார்வையாளரை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. லோவெல் வட்டாரத்தில் முன்னணியில் நின்றவர்களோ பெரும்பாலும் அத்தகைய மேலாளர்களே. பல்லாண்டுப் பணியையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் பணயமாக வைத்து, காப்பு ஏதுமின்றி அவர்கள் களத்தில் இறங்கினர். இதனை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

போராட்டத்தின் உயிர்நிலை கிடங்கில் இருந்தது. கடைகளை மூட வேண்டிய தேவையே எழவில்லை. பண்டகசாலையில் சுமை ஏற்றுவோரும் பார வண்டி ஓட்டுவோரும் கைகளைக் கட்டிக்கொண்டனர். கீரையும் பழமும் இறைச்சியும் மீனும் நாள்தோறும் வந்தால்தான் உண்டு. சில நாள்களில் அந்தத் தட்டுகள் வெறுமையாயின. கடை திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, கணக்குப் பார்க்கும் பெண் தன் இடத்தில் நிற்கிறாள், விற்கப் பொருள் இல்லை. ஒரு பெரிய வாணிகம் எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதை அந்த வெற்றுத் தட்டுகள் எல்லார்க்கும் காட்டின.

வாடிக்கையாளர்களும் உடன் சேர்ந்தனர். குறைந்த விலைக்காக அக்கடைகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல. அவர்கள் மிகுந்த விலை கொடுத்து வேறு கடைகளில் வாங்கினர். வாங்கிய இரசீதைக் கொண்டுவந்து மார்க்கெட் பாஸ்கெட்டின் கண்ணாடிச் சன்னல்களில் ஒட்டிச் சென்றனர். 'பார், உனக்கு வர வேண்டிய காசு எங்கே போயிற்று' என்று சொல்லாமற் சொன்ன ஓலைகள் அவை. பேச்சாற்றல் கற்கும் மாணவர்கள் இந்த ஊமைப் பேச்சின் வலிமையை எண்ணிப் பார்க்கலாம்.

இதில் துன்பப்பட்டவர்களும் உண்டு. அதை மறைத்தல் கூடாது. வாணிகம் நின்றதால் பகுதிநேரப் பணியாளர் பலருக்கு வேலை நேரம் அறவே இல்லாமற் போயிற்று. நாட்கூலியை நம்பிய மாணவர்களும் முதியவர்களும் அவர்களில் இருந்தனர். பொருள் அனுப்பி வந்த உழவர்களும் சிறு வணிகர்களும் இடர்ப்பட்டனர். நிறுவனமோ புதிய ஆள்களைச் சேர்க்க முகாம் நடத்திப் பார்த்தது. கிளர்ச்சி ஓயவில்லை.

ஆறு வாரங்கள் சென்றன. மாசசூசெட்ஸ் ஆளுநர் தேவல் பாட்ரிக்கும் நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர் மேகி ஹசனும் இரு தரப்பாரிடையே பேசலாயினர். ஆகஸ்டு 27ஆம் நாள் இரவு உடன்பாடு ஏற்பட்டது. எதிர்க்கிளையின் 50.5 விழுக்காட்டை 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஆர்தர் டி. தரப்பு வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. அத்தொகையில் பெரும்பங்கு கடன். மறுநாள் காலை அவர் டியூக்ஸ்பரிக்குத் திரும்பி, ஒரு பார வண்டியின் மேல் ஏறி நின்று பணியாளர்களுக்கு நன்றி கூறினார். வண்டிகள் அன்றே ஓடத் தொடங்கின.

இத்துடன் நிறுத்திவிட்டால் கதை இனிமையாக முடியும். ஆனால் ஒரு வினா அப்போதே என் உள்ளத்தில் எழுந்தது. பணியாளர் வென்றது எதனை? அவர்கள் தங்களுக்கென ஒரு பங்கும் பெறவில்லை; நிர்வாகக் குழுவில் ஓர் இருக்கையும் பெறவில்லை; எழுத்தில் ஓர் உறுதியும் பெறவில்லை. நல்லவர் ஒருவரைப் பதவியில் அமர்த்தினர்; அவ்வளவே. அவரும் அப்பதவியில் நிலைப்பது பங்குகளைக் கையில் வைத்திருப்போரின் விருப்பத்தைப் பொறுத்தது. பங்குகளில் பெரும்பான்மையோ ஆர்தர் டி.யின் உடன்பிறந்த சகோதரியர் மூவரிடம் இருந்தது.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நிர்வாகக் குழு அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பிற்று. குழுவின் மேற்பார்வைக்கு அவர் இணங்கவில்லை என்றும், தம் மக்களையே அடுத்த தலைமைக்குக் கொண்டுவர முயன்றார் என்றும், மீண்டும் ஒரு வேலைநிறுத்தத்துக்கு வழி செய்தார் என்றும் குழு கூறியது. அவர் தரப்பு அதனை மறுத்தது. இம்முறை எதிரே நின்றவர்கள் பெரிய தந்தை, சிறிய தந்தை மக்களல்லர், உடன்பிறந்த சகோதரியரே. சமரசப் பேச்சு முறிந்தது. செப்டம்பர் மாதத்தில் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பதினோராண்டுகளுக்கு முன் அவருக்காகக் கொளுத்தும் வெயிலில் நின்ற பணியாளர் பலர் அன்றும் அக்கடைகளில் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தனர்.