வானொலி பெற்ற பிள்ளை

வானொலி பாட்டைப் பரப்பும், பாடகரைப் பிரபலமாக்கும். ஒரு இசைக்குழுவையே பெற்றுப் போட்டதுண்டா? ஐஸ்லாந்தில் அது நடந்திருக்கிறது.

1983-ஆம் ஆண்டு. அந்த நாட்டில் அப்போது அரசு வானொலி மட்டும்தான். தனியாருக்கு வழிவிட்டதே 1986-இல். புதுமாதிரி இசையை விடாமல் ஒலிபரப்பிய ஒரு நிகழ்ச்சிக்கு மூடுவிழா வந்தது. சும்மா விடைபெற மனமில்லாத அதன் தயாரிப்பாளர்கள், வெவ்வேறு குழுக்களில் இருந்தவர்களைப் பொறுக்கியெடுத்துக் கடைசி ஒலிபரப்புக்காக ஒன்றாக வாசிக்க வைத்தார்கள். கிதாருக்கு குட்லோகுர், டிரம்ஸுக்கு சிக்ட்ரிகுர், பாடவும் டிரம்பெட் ஊதவும் ஐனார் ஓர்ன். கூடவே 17 வயதுப் பெண் ஒருத்தி, பியோர்க்.

நிகழ்ச்சி முடிந்தது. குழு கலையவில்லை. குக்ல் என்று பெயர் வைத்துக்கொண்டது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், டயல் ஹவுஸ் என்ற பழைய பண்ணைவீட்டில் கூடி வாழ்ந்த கிராஸ் குழுவோடு இவர்களுக்குத் தொடர்பு ஏற்பட்டது. கிராஸ்தான் அனார்க்கிஸ்ட் பங்க் இயக்கத்துக்கே மூலவர். அரசும் வேண்டாம், போரும் வேண்டாம் என்று பாடியதோடு நிற்கவில்லை. 'இந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்' என்று இசைத்தட்டு உறையிலேயே அச்சடித்தவர்கள். கடைக்காரர் கூடுதலாக வாங்க முடியாது! குக்லின் இரண்டு ஆல்பங்களும், 1984-இல் 'தி ஐ', 1986-இல் 'ஹாலிடேஸ் இன் யூரோப்', கிராஸின் சொந்த நிறுவனத்திலிருந்தே வந்தன.

'தி ஐ' தாலாட்டு அல்ல. டிரம்ஸ் சடங்குக்கு அடிப்பதுபோல அதிரும். கிதார் அதைக் கிழித்துக்கொண்டு போகும். ஐனார் ஓர்ன் பாடுகிறாரா, சண்டை போடுகிறாரா என்று சந்தேகம் வரும். முணுமுணுப்பில் தொடங்கும் பியோர்க்கின் குரல், எதிர்பாராத இடத்தில் வீறிட்டு எழும். பங்கின் கோபம் இருக்கிறது, அதன் எளிய மூன்று சுரக்கட்டு இல்லை. போஸ்ட்-பங்க் என்கிறார்களே, அது இதுதான்.

1986-இல் குக்ல் உடைந்தது. பியோர்க் உட்பட அதிலிருந்தவர்கள் சிலரும் புதியவர்களும் சேர்ந்து ஷுகர்க்யூப்ஸ் என்ற குழு ஆனார்கள். அவர்களை இங்கிலாந்தில் வெளியிட்டவர் டெரெக் பிர்கெட். அவரும் கிராஸ் வட்டத்து ஆள்தான். ஃப்ளக்ஸ் ஆஃப் பிங்க் இந்தியன்ஸ் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். 1987-இல் வந்த ஷுகர்க்யூப்ஸின் 'பர்த்டே' பாட்டை பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் தூக்கிவைத்துக் கொண்டாடின. 1993-இல் பியோர்க்கை உலகமறியச் செய்த 'டெபூ' ஆல்பமும் பிர்கெட்டின் நிறுவனத்து வெளியீடே. பெரிய நிறுவனங்கள் செய்யாததை இந்தச் சில்லறைக் கூட்டம் செய்தது.

ஐனார் ஓர்ன் கதை வேறு. 2010-இல், நகைச்சுவை நடிகர் யோன் க்னார் கேலியாகத் தொடங்கிய 'சிறந்த கட்சி' சார்பில் ரெய்க்யாவிக் நகரமன்றத் தேர்தலில் நின்றார். 15 இடங்களில் 6 இடங்களைக் கட்சி பிடித்தது. அரசே வேண்டாம் என்ற கூட்டத்தோடு பாடியவர் நகரமன்ற உறுப்பினராகிவிட்டார்.