உலாவி யார் பக்கம்?



நாம் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறோம். அப்பக்கத்தில் இடம்பெற்றுள்ள விளம்பர நிறுவனம் நமது உலாவியில் ஓர் அடையாள எண்ணைப் பதித்துவிடுகிறது. பின்னர் நாம் மருந்து வாங்கும் தளத்துக்கும் வேலை தேடும் தளத்துக்கும் செல்கிறோம். அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், அந்த எண்ணைக் கொண்டு நம்மை இனங்கண்டுகொள்கிறது. நமது நோயையும் வேலையின்மையையும் ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறது. இதுவே மூன்றாம் தரப்புக் குக்கி.

இதைத் தடுக்க இயலாதா? இயலும். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச்சில் இவற்றை முழுமையாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனியே பிரித்து அடைத்துவைக்கிறது. கூகுளும் தனது குரோமிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் இவற்றை அகற்றுவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது, பலமுறை ஒத்திவைத்தது, 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது.

இது ஆப்பிளின் நல்லெண்ணமும் அன்று. தொழில்நுட்பத்தின் குறைபாடும் அன்று. ஆப்பிள் பெரிதும் கருவிகளை விற்றுப் பொருளீட்டுகிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. லாபம் பிறக்கும் இடமே உலாவியின் அமைப்பைத் தீர்மானிக்கிறது.

குரோமின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் தெரிவு உண்டு. இன்றே அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அத்துடன் நின்றுவிடலாகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை, தேடிக் கண்டுபிடித்து அழுத்தவேண்டிய பொத்தானாக இருத்தல் தகுமா? தடுப்பே இயல்புநிலையாகவேண்டும், அதைச் சட்டம் கட்டாயமாக்கவேண்டும். அதற்காகவே நாம் குரலெழுப்புவோம்.